பாராடாங் பயணமும் ஜாரவா மக்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விடுமுறைச் சுற்றுலாப் பக்கத்தில் அந்தமானுக்கான ஐந்து நாள் பயணத் திட்டம் வெளியாகியிருந்தது. பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைக்குப் போகும் நாளில், "வழியில் ஆதிவாசிகளையும் காணலாம்" என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்துவிட்டு வண்டி ஏறப்போகிறவர்களுக்காகவே இந்தக் கடிதம். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்குள் போகும் அந்தப் பாராடாங் சாலையில் போகவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பாராடாங் போகிற வண்டிகள் போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) விடியுமுன்பே கிளம்பி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசை கட்டி நிற்கும். அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறை வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர், சாலை ஜாரவா மக்களின் காப்புக் காட்டுக்குள் போகிறது. குறித்த நேரங்களில் மட்டும், காவலர் துணையோடு, வண்டிகளைக் கான்வாயாக (ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே அணியாக) விடுவார்கள். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. நிறுத்தவோ முந்தவோ கூடாது. படம் எடுக்கக் கூடாது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2012இல் திருத்தப்பட்டுக் கடுமையாக்கப்பட்டது. ஜாரவா மக்களைப் படம் பிடித்தால் மூன்றாண்டு வரை சிறை.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று கேட்பவர்கள் இந்தத் தீவுகளில் ஏற்கெனவே நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1858இல் ஆங்கிலேயர் கைதிகள் குடியிருப்பை அமைத்தபோது பெரிய அந்தமானியர் என்ற இன்னொரு பழங்குடியினர் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வந்தவர்களோடு நோய்களும் வந்தன. 1877இல் பரவிய தட்டம்மை கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 1961 கணக்கெடுப்பில் அவர்களில் எஞ்சியவர்கள் 19 பேர். ஜாரவா மக்கள் வெளியாரை அண்டவிடாமல் வாழ்ந்ததால்தான் தப்பினார்கள். 1997 கடைசியில் அவர்களாகவே காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். 1999இலேயே அவர்களிடையே தட்டம்மை பரவியது. 2011 கணக்கெடுப்பின்படி அவர்கள் 380 பேர். நம் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் ஒரே பந்தியில் உட்காரக்கூடிய எண்ணிக்கை.

தட்டம்மை வந்தவருக்கு உடம்பில் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அது மற்றவருக்குத் தொற்றும். அதாவது, காரில் நன்றாக விளையாடிக்கொண்டு வருகிற குழந்தை நோயைச் சுமந்து வரலாம், பெற்றோருக்கே தெரியாது. இருமலில் வெளிவரும் கிருமி காற்றில் இரண்டு மணி நேரம் வரை இருக்கும். தலைமுறை தலைமுறையாக இந்த நோயைக் கண்டிராத மக்களிடம் அது நிமோனியாவாக முற்றக்கூடும். கண்ணாடியை இறக்கி ஒரு பிஸ்கட் பொட்டலத்தை நீட்டுவதில் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

பிஸ்கட் கொடுப்பதை இரக்கம் என்று நினைக்கிறார்கள். காட்டுப்பன்றி, மீன், தேன், கிழங்கு என்று தங்கள் உணவைத் தாங்களே தேடிக்கொள்ளத் தெரிந்த மக்கள் அவர்கள். பொட்டலத் தின்பண்டமும் புகையிலையும் பழகிவிட்டால் அடுத்த கான்வாய்க்காகச் சாலையோரம் காத்து நிற்க வேண்டியதாகிறது. அதன் பிறகு, ஆடினால் பழம் என்று சொல்வதற்கும் ஆள் வந்துவிடுகிறது. ஜாரவாப் பெண்களை உணவுக்காக ஆடச் சொன்ன காணொளி 2012 ஜனவரியில் வெளியாகி உலகத்தின் முன் நாடே தலைகுனிந்தது.

காப்புக் காட்டுக்குள் இந்தச் சாலையை மூட உச்ச நீதிமன்றம் 2002இலேயே உத்தரவிட்டது. அது நிறைவேறவில்லை. 2013 ஜனவரியில் சுற்றுலாப் பயணிகளுக்கு இடைக்காலத் தடை வந்தது, மார்ச்சில் விலகியது. பாராடாங்குக்கு வடக்கே ரங்கத், மாயாபந்தர் ஊர்ப் பக்கத்துக் குடியேறிகளுக்கு மருத்துவமனைக்கும் சந்தைக்கும் இந்தச் சாலை தேவைப்படுகிறது என்பதை மறுக்க மாட்டோம். அவர்களில் தமிழர்களும் உண்டு. ஆனால் குகை பார்க்கப் போகிறவருக்கு அந்த அவசரம் என்ன?

வேறு வழி இருக்கிறது. பாராடாங்கில் குகையோடு காட்டப்படும் சேற்று எரிமலையைப் போன்ற ஒன்றைப் பார்க்க விரும்புபவர்கள் வடக்கே திக்லிபூர் அருகே உள்ள ஷியாம் நகரில் பார்க்கலாம். திக்லிபூருக்கும் ரங்கத்துக்கும் போர்ட் பிளேரிலிருந்து அரசுக் கப்பல் உண்டு. தீவுவாசிகளுக்கு முன்னுரிமை என்பதால் சீட்டு எளிதில் கிடைக்காது. மழைக்காலத்தில் கப்பல் ரத்தாகும். எனவே திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு நாளாவது இடைவெளி வையுங்கள். பழங்குடியினரின் வாழ்க்கையை அறிய விரும்புகிறவர்கள் போர்ட் பிளேர் மானுடவியல் அருங்காட்சியகத்தில் அரை நாள் செலவிடலாம். வில், அம்பு, தேன் வாளி, குடிசை மாதிரி எல்லாம் விளக்கத்தோடு இருக்கின்றன.

முன்பணம் கட்டிவிட்டதால் பாராடாங் போயே ஆக வேண்டும் என்றால், வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல், சளி இருந்தால் அன்றைக்குப் பயணத்தை விட்டுவிடுங்கள். ஜிர்காடாங்கிலேயே கேமராவையும் கைப்பேசியையும் பைக்குள் போட்டு டிக்கியில் வைத்துவிடுங்கள்; மடியில் இருந்தால் கை தானாக எடுக்கும். தின்பண்டம் கண்ணில் படாமல் இருக்கட்டும். மிடில் ஸ்ட்ரெய்ட் வரும்வரை கண்ணாடியை இறக்க வேண்டாம், குப்பை எதையும் வெளியே எறிய வேண்டாம். யாராவது தென்பட்டால் கையசைப்பதும் கூவி அழைப்பதும் வேண்டாம். பிள்ளைகளுக்கு முதல் நாள் இரவே சொல்லி வையுங்கள். கூடுதல் பணம் கொடுத்தால் மெதுவாகப் போகிறேன் என்று ஓட்டுநர் சொன்னால் மறுத்துவிட்டு, வண்டி எண்ணைக் குறித்து அடுத்த சாவடிக் காவலரிடம் தெரிவியுங்கள். அந்த ஆசை வார்த்தை பெரும்பாலும் பயணியின் நச்சரிப்பிலிருந்துதான் பிறக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். பயண நிறுவனங்கள் தரும் திட்டங்களை வெளியிடும்போது மனிதர்களைக் காட்சிப் பொருளாகச் சேர்த்திருக்கும் வரிகளை நீக்கிவிடுங்கள். அந்தமான் பற்றி அடுத்த முறை எழுதும்போது ஜிர்காடாங் விதிகளையும் கப்பல் வழியையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
அந்தமான் வாழ் தமிழ் வாசகர்கள் சிலர்,
போர்ட் பிளேர்