பாப்பாவுக்கு எந்த மூடிப் பால்?

தர்மபுரி
ஆனி மாதம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். பாலக்கோட்டு மாமாவின் பேரன் லீவு முடிந்து அடுத்த வாரம் லண்டன் திரும்புகிறான். கேழ்வரகு மாவும் புளியும் அம்மா அவனிடம் கொடுத்துவிடுகிறாள். அந்தப் பைக்குள் இந்தக் கடிதத்தையும் வைத்திருக்கிறேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நம் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும், உனக்குத் தெரியும்.

பாப்பாவின் பாலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் மருமகள் ஃபிரிட்ஜைத் திறந்தபோது கதவு அடுக்கில் சிவப்பு மூடி பாட்டில்தான் இருந்தது. சித்திரையில் பேசியபோது நீல மூடி. பாலோடு காலம் கழித்தவன் கண்ணுக்கு இது தப்புமா? "என்னம்மா, மூடி மாறியிருக்கே" என்று கேட்டேன். அவள் உன் பக்கம் பார்த்தாள். நீ "எல்லாம் ஒரே பால்தாம்பா" என்று சொல்லிவிட்டு, வெளியே மழை பெய்வதைக் காட்டினாய்.

எல்லாம் ஒரே பால் இல்லை என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறாவது படிக்கும்போதே விடிகாலையில் பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு என்கூட வந்தவன் நீ. கொழுப்புப் பார்க்கிற குழாயில் ஆசிட் 10 மில்லி, பால் 10.75, அமைல் ஆல்கஹால் 1 மில்லி எல்லாம் நான் ஊற்றுவேன். குழாயைக் குலுக்கும்போது கை சுடும், துண்டில் சுற்றித்தான் பிடிக்க முடியும். மிஷினில் சுற்றி எடுத்ததும் குழாயின் கழுத்தில் கொழுப்பு மட்டும் பிரிந்து மஞ்சளாக நிற்கும். அதைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து நீ "மூணு எட்டு", "நாலு ரெண்டு" என்று சொல்லச் சொல்ல நான் ரிஜிஸ்டரில் எழுதுவேன். நீ சொன்ன ஃபேட்டை யாரும் மறுத்ததில்லை. சங்கத்துப் பக்கம் போனால் இன்றைக்கும் அதைச் சொல்கிறார்கள். வெளிநாட்டில் நீ பார்க்கும் வேலையைவிட எனக்கு அதில்தான் பெருமை அதிகம். அப்படிப்பட்டவன் எல்லாம் ஒரே பால் என்கிறாய்.

சரி, கணக்குக்கு வருவோம். அங்கே நீல மூடிப் பாலில் கொழுப்பு 3.5 சதவீதத்துக்குக் குறையாது. பச்சை மூடியில் ஒன்றரையிலிருந்து 1.8. சிவப்பில் அரை சதவீதம்கூட இருக்காது. நம் ஆவினில் ஆரஞ்சு பாக்கெட் 6, பச்சை 4.5, நீலம் 3. அதாவது அங்கே முழுக்கொழுப்பு என்று பயப்படுகிற பால் நம் பச்சை பாக்கெட்டைவிடக் குறைவானதுதான். பேரைப் பார்த்து மிரள வேண்டாம். ஒரு டம்ளர், 200 மில்லி என்று வைத்துக்கொள். நீல மூடியில் 130 கலோரி வரும், சிவப்பில் 70 வந்தால் அதிகம். பாப்பாவின் வயிறு எவ்வளவு பெரியது? அவள் உள்ளங்கை அளவுச் சோற்றையே நீங்கள் கதை சொல்லித்தான் ஊட்டுகிறீர்கள். அந்தக் கொஞ்சத்திலும் பாதியைக் கழித்துவிட்டால் வேறு எதில் ஈடு கட்டுவாள்?

நான் என் இஷ்டத்துக்குச் சொல்லவில்லை. இங்கே குழந்தை டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். உங்கள் ஊர் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸும் இதையே சொல்கிறதாம். ஒரு வயதிலிருந்து இரண்டு வயது வரை முழுக்கொழுப்புப் பால். இரண்டு முடிந்த பிறகு, பிள்ளை நன்றாகச் சாப்பிட்டு வயதுக்கேற்ற வளர்ச்சியும் இருந்தால் பச்சை மூடிக்கு மாறலாம். சிவப்பு மூடியும் ஒரு சதவீதப் பாலும் ஐந்து வயது வரை குடிக்கக் கொடுக்க வேண்டாம். இரண்டு வயதுக்குள் மூளை பெரியவர்கள் மூளையில் முக்கால் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது, அந்த வளர்ச்சிக்குக் கொழுப்பு வேண்டும் என்றார். வைட்டமின் ஏ-யும் கொழுப்பில்தான் கரைந்திருக்கிறது. ஆடையை எடுத்தால் அதுவும் கூடவே போய்விடும்.

பாப்பா ஆடிப்பெருக்குக்கு மறுநாள் பிறந்தவள். இரண்டு முடிய இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் என்ன அவசரம்?

சிவப்பு மூடிப் பால் தண்ணீர்ப் பால் என்று நான் சொல்லவில்லை. புரதமும் கால்சியமும் அதிலும் குறையாமல் இருக்கிறது. ஆடை எடுத்த பாலில், அடர்த்தி பார்க்கிற லாக்டோமீட்டரின் ரீடிங் கூடும், தண்ணீர் ஊற்றினால் குறையும். இரண்டையும் சேர்த்துச் செய்கிறவன் ரீடிங்கைச் சரியாகக் கொண்டுவந்துவிடுவான். அதனால்தான் ஃபேட் பார்க்காமல் யாருக்கும் பணம் போடாதே என்று சங்கத்தில் விதி. இங்கே இன்னும் சில வீடுகளில் குழந்தைக்குச் செரிக்காது என்று பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்கிறார்கள். அதில் கொழுப்போடு புரதமும் கால்சியமும் சேர்ந்து குறைகிறது. மருமகளிடம் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் கேட்க வேண்டாம் என்று சொல்.

உன் பாட்டி மாடு கறந்தது உனக்கு நினைவிருக்கும். கன்றுக்கு ஒரு காம்பை விட்டுவிட்டுத்தான் கறப்பாள். சங்கத்துக்கு ஊற்றுவது முதலில் கறந்த பால். கடைசியில் சொட்டுச் சொட்டாக வருவதைத் தனிச் சொம்பில் பிடித்துக் காய்ச்சி உனக்குத் தருவாள். கறவையில் கடைசிப் பாலில்தான் கொழுப்பு அதிகம் என்பதை நான் பிற்பாடு பயிற்சி வகுப்பில் படித்தேன். பாட்டிக்கு அது முன்பே தெரிந்திருந்தது. நீ அதைக் குடித்து வளர்ந்தவன்.

இரண்டு முடிந்த பிறகும் பிறந்தநாள் அன்றே மாற்ற வேண்டும் என்று எதுவும் இல்லை. முதலில், பாப்பாவின் வளர்ச்சியைக் குறிக்க அங்கே கொடுத்த சிவப்புப் புத்தகத்தை எடுத்துப் பார். எடையும் உயரமும் அவளுடைய கோட்டை ஒட்டியே போகிறதா, இறங்குகிறதா? இரண்டு வயதுப் பரிசோதனைக்கு நர்ஸ் கூப்பிடும்போது அதைக் காட்டிக் கேள். கோடு இறங்கியிருந்தால் நீல மூடியே தொடரட்டும். நன்றாக இருந்தால் முக்கால் பங்கு நீலம், கால் பங்கு பச்சை என்று ஆரம்பித்து, சில நாளில் பாதிக்குப் பாதியாக்கி மாற்று. ருசி தெரியாமல் பழகிவிடுவாள். தயிர், முட்டை, நெய் விட்ட பருப்புச் சோறு எல்லாம் அவள் தானாகக் கேட்டுச் சாப்பிடுகிறாள் என்றால் பாலில் குறைப்பது பெரிய விஷயமே இல்லை. சாப்பிட அடம் பிடிக்கிறாள் என்றால் அவசரப்படாதே. இன்னொன்று, சாப்பிடவில்லையே என்று பாலையே திரும்பத் திரும்பக் கொடுப்பதும் தப்பு. பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. வயிறு பாலிலேயே நிறைந்தால் சோறு இறங்காது, ரத்தம் குறையும். பாலோடு வேறு ஆகாரமும் உள்ளே போகட்டும் என்றுதான் கேழ்வரகு மாவு அனுப்புகிறோம். 100 கிராமில் சுமார் 340 மில்லிகிராம் கால்சியமும் இருக்கிறது. கூழாகக் காய்ச்சி, நீல மூடிப் பால் விட்டுக் கொடுங்கள்.

நீல மூடி என்று திரும்பவும் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

ஒரு வீட்டில் இரண்டு பாட்டில் எதற்கு என்று நினைத்திருப்பாய். மருமகள் கணக்குப் பார்த்துச் செலவு செய்கிறவள், தெரியும். ஆனால் அவள் சிவப்பு மூடி வாங்குகிறவள் இல்லை. காபிக்குப் பால் திக்காக இருக்க வேண்டும் அவளுக்கு. அப்படியானால் அந்தப் பாட்டில் யாருக்காக வந்தது?

பொங்கல் அன்று அனுப்பிய போட்டோவில் உன் தட்டில் பொங்கல் இல்லை, இட்லி இருந்தது. போன மாதம் முட்டையில் மஞ்சள் கருவை ஒதுக்கி வைத்ததைப் பார்த்தேன். சட்டைக் கழுத்து தொளதொளவென்று இருக்கிறது. ஓடப் போகிறேன் என்று சொல்கிறாய், நல்லது, ஓடு. அம்மா "பையன் இளைத்துவிட்டான், வேலை அதிகம் போல" என்று சொல்லிக்கொண்டு முறுக்குக்கு மாவு அரைக்கக் கொடுத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சித்தப்பா போனபோது நீ ப்ளஸ் டூ. அவனுக்கு 46 வயதுகூட முடியவில்லை. அவனும் யாரிடமும் சொல்லவில்லை. மேச்சேரிச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகும் வழியில் நெஞ்சு கரிக்கிறது என்று சோடா குடித்தான் என்பதே அப்புறம்தான் தெரிந்தது. உனக்கு இப்போது 36.

உன் டாக்டர், குடும்பத்தில் யாருக்காவது இதய நோயோ கொலஸ்ட்ராலோ இருக்கிறதா என்று கேட்டிருப்பார். ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தால் திரும்பப் போய்ச் சொல். சித்தப்பாவின் வயதைச் சொல். நான் இரவில் போடுவது அடோர்வாஸ்டாடின், ரத்தத்தில் கொழுப்பைக் குறைக்கிற மாத்திரை. ஆரம்பிக்கும்போது என் மொத்தக் கொழுப்பு 290. அங்கே வேறு அளவில் எழுதுகிறார்களாம், அந்தக் கணக்கில் 7.5 வரும். சில குடும்பங்களில் இது பரம்பரையாக இறங்கும். அப்படி என்று உறுதியானால் பெற்றவர்களோடு பிள்ளைகளுக்கும் பத்து வயதுக்குள் ரத்தம் பார்க்கச் சொல்வது அந்த ஊரில் வழக்கம். பாப்பாவுக்கும் அது தெரிய வேண்டிய விஷயம். அதைப் பார்த்து அவள் சாப்பாட்டை எப்படி அமைப்பது என்று டாக்டர் சொல்லட்டும். உனக்கு வந்த பயத்தில் நீயாக அவள் டம்ளரில் கொழுப்பைக் குறைக்காதே. நீ சிவப்பு மூடி குடி, உனக்கு அது சரி. மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் விடாமல் போடு. நான் விடாமல் போட்டேன், வருஷா வருஷம் ரத்தம் பார்க்கிறேன், இன்றைக்கும் சைக்கிளில்தான் பஸ் ஸ்டாண்டு போய் வருகிறேன். இது பயந்து மூடி வைக்கிற விஷயம் இல்லை.

எங்களைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று நீ நினைத்திருப்பாய். எதையும் தனியாகச் சமாளிக்கிற பிள்ளை நீ, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஊரில் எல்லோரும் அதை மெச்சுவார்கள், நானும் மெச்சியிருக்கிறேன். ஆனால் இதில் வேண்டாம் கண்ணு.

மாங்காய் இந்த வருஷம் சுமார். வீட்டு வரி கட்டிவிட்டேன். மற்றதெல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து என் நம்பருக்கு அனுப்பு. அம்மா போனுக்கு வேண்டாம். என்ன எழுதியிருந்தாலும் அனுப்பு. டாக்டரம்மா தெரிந்த இதய டாக்டர் ஒருவரிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அம்மாவிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்று அதற்குப் பிறகு நீயும் நானும் பேசி முடிவு செய்யலாம்.

பாப்பாவுக்கு என் முத்தம். மருமகளுக்கு ஆசிகள்.

அன்புடன்,
அப்பா