பழைய ரைஃபிள் சங்கம், லண்டன்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை தபாலில் போகும். சந்தா நினைவூட்டலும் அதே உறைக்குள்தான்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு நான்கு தடவை கூடியது. பொங்கல் ஒன்றுகூடல் நடந்தது. என்ஃபீல்ட் லொக்கில் 1988-இல் மூடப்பட்ட அரச ஆயுதத் தொழிற்சாலை இருந்த இடத்தைக் கோடையில் போய்ப் பார்த்தோம், மழை. சுடுதளத்தில் மாதாந்தப் பயிற்சி விபத்தில்லாமல் நடந்தது. கருமருந்து (இந்தப் பழைய துப்பாக்கிகளுக்குப் போடும் வெடிமருந்து) வைத்திருப்பதற்கான பொலிஸ் சான்றிதழ் முடியும் தறுவாயில் இருந்த மூவருக்கு நினைவூட்டினேன். ஒருவர் நன்றி சொன்னார்.

இந்த வருடம் என் நேரத்தைத் தின்றது குழல் அளவெடுப்பு, அதாவது உறுப்பினர்களின் துப்பாக்கிக் குழல்களின் உள்விட்டத்தை அளந்து அதற்கேற்ற குண்டைத் தேர்வது. இதெல்லாம் எதற்கு என்று செயற்குழுவிலேயே கேட்டதால் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். மருந்தையும் குண்டையும் வாய்ப்பக்கமிருந்து போடும் 1853 மாதிரி என்ஃபீல்டுகளுக்காக, 0.575 அங்குலக் குண்டு வார்க்கும் மினியே அச்சு ஒன்றைச் சங்கப் பணத்தில் வாங்கியது நான்தான். அந்தத் துப்பாக்கிக்கு எல்லாரும் 577 என்றுதானே சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். 577, அதாவது 0.577 அங்குலம், என்பது அதன் பெயர். உங்கள் கையில் இருக்கும் குழலின் அளவு வேறாக இருக்கலாம். நூற்றைம்பது வருடமாகக் கம்பி போட்டு இடித்தும் துடைத்தும் தேய்ந்த இரும்பு அது. ஒரு துப்பாக்கியில் குண்டு அழகாக இறங்கியது. அடுத்ததில் கையை எடுத்ததும் தன் பாரத்திலேயே வழுக்கி 'டொக்' என்று அடியில் விழுந்தது. அளந்தால் 0.581. அதைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் குண்டு மருந்தை விட்டு முன்னால் நகரும். அந்த இடைவெளியோடு சுட்டால் குழல் புடைத்துவிடும். அன்றே அந்தத் துப்பாக்கியை உறையில் போடச் சொன்னேன். சொந்தக்காரர் இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

மினியே குண்டின் அடிப்பக்கம் குழிவு. வாய்ப்பக்கமிருந்து லேசாக இறங்கி, சுடும்போது வாயு தள்ள அந்தக் குழிவின் விளிம்பு, நாங்கள் பாவாடை என்போம், விரிந்து காடிகளைப் பிடிக்கும். காடி என்பது குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்சுவரில் திருகலாக வெட்டிய பள்ளம். ஆகவே குழலைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் சிறுத்திருக்க வேண்டும். ஈயமும் நகத்தால் கீறினால் கோடு விழுகிற அளவுக்கு மென்மையாக இருக்க வேண்டும். கூரைத் தகட்டு ஈயம் நல்லது. ஒரு தம்பி டயருக்குப் போடும் எடைக்கட்டிகளை உருக்கி வார்த்துக்கொண்டு வந்தார். பாவாடை விரியவில்லை, 50 கெஜ தூரத்தில் தாளில் குண்டு படுத்தபடியே போன நீளமான ஓட்டைகள். அந்தத் தாளை எடுத்து வைத்திருக்கிறேன், கேட்டால் காட்டுவேன்.

பின்பக்கம் திறந்து போடும் மார்ட்டினி ஹென்றிக்குக் கணக்கு தலைகீழ். அங்கே குண்டு காடியின் அடிவரை நிரப்ப வேண்டும். பெயர் 450, காடியின் அடியோ 0.46-ஐத் தாண்டும். பெயரை நம்பி 0.45 குண்டு வாங்கிய இருவரும் துப்பாக்கியைத்தான் குறை சொன்னார்கள். அதன் காடி 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 480 கிரெய்ன் (சுமார் 31 கிராம்) எடையுள்ள நீளக் குண்டைத் தாங்கும். 78 அங்குலத்துக்கு ஒரு சுற்றுள்ள நீள என்ஃபீல்டில் அப்படி ஒல்லியும் நீளமுமான குண்டைப் போட்டால் தலைகுப்புறத்தான் போகும். செப்பு உறையிட்ட குண்டை எந்தப் பழைய குழலிலும் போடாதீர்கள். இதை நான் சொல்லிச் சலித்துவிட்டேன்.

குண்டில் தடவும் பூச்சு பற்றி ஒரு கூட்டம் முழுக்க விவாதம். வாகனக் கிரீஸ் கருமருந்தோடு சேர்ந்தால் தார் போல ஒட்டும். மாட்டுக் கொழுப்பு வேண்டாம் என்றார் ஒருவர், எந்தக் கொழுப்பும் வேண்டாம் என்றார் சைவக்காரர். 1857-இல் இதே என்ஃபீல்டின் தோட்டாவில் பூசிய கொழுப்பை வைத்து என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். விரும்பியதைப் பூசிக்கொள்ளலாம் என்று சிப்பாய்களுக்குப் பிறகு சொன்னார்கள், அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. நாங்கள் தேன்மெழுகும் ஆலிவ் எண்ணெயும் என்று முடித்தோம். நன்றாகவே வேலை செய்கிறது.

அளவெடுக்க இரண்டு ஞாயிறுகள் ஒதுக்கினேன். திருகாணி பதித்த மென்மையான ஈயக் கட்டியைக் குழல் வாயில் மரச்சுத்தியலால் ஓர் அங்குலம் தட்டி இறக்கி, குறட்டால் இழுத்தெடுத்து மைக்ரோமீட்டரில் பார்ப்பது. ஒரு துப்பாக்கிக்குக் கால் மணி நேரம். ஏழு பேர் வந்தார்கள். மற்றவர்கள் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் போட்டார்கள்.

கணக்கைப் பொருளாளர் சொல்வார். வரவும் செலவும் ஏறக்குறையச் சமம், செலவு சற்று முன்னால் நிற்கிறது. அதற்கு அச்சுதான் காரணம் என்று ஒரு பேச்சு. நிலுவைச் சந்தாவில் பாதி வந்திருந்தாலே இரண்டு அச்சு வாங்கியிருக்கலாம்.

சுடுதளப் பொறுப்பாளருக்கும், தேநீர் பார்த்துக்கொண்ட அக்காமாருக்கும், கணக்குப் பரிசோதகருக்கும் நன்றி.

அடுத்த வருடம் இந்தப் பொறுப்பில் தொடர்வதா என்று வீட்டில் கேட்கிறார்கள். அளவு நோட்டு என் மேசை லாச்சியில் இருக்கிறது. அதில் ஏழு துப்பாக்கிகள்தான். புதிய அச்சுகளை அந்த நோட்டைப் பார்த்துத்தான் வாங்குவோம், சந்தா கட்டியவர்களின் பக்கத்திலிருந்து தொடங்கி. பங்குனியில் இன்னொரு ஞாயிறு வைக்கிறேன். குழலைத் துடைத்துக்கொண்டு வாருங்கள். போன தடவை ஒன்றில் முந்தின வருடத்துக் கரி அப்படியே இருந்தது.