வலி எதுவரை இறங்குகிறது என்று சொல்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் படித்தேன். அறிக்கையைவிட, அதன் கீழே "இனிமேல் என் முதுகு அவ்வளவுதானா அம்மா?" என்று நீ கேட்டிருந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இல்லை, கண்ணு. எனக்கு ஜவ்வு விலகியதும் அதே இடத்தில்தான், இடுப்புப் பகுதியின் நான்காவது ஐந்தாவது முதுகெலும்புகளுக்கு நடுவே. கழிப்பறைக்குச் செல்லவே உன் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், இன்று சந்தைக்குப் போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

உன்னைப் பயமுறுத்தும் அந்த "பிதுக்கம்" என்ன என்று முதலில் தெரிந்துகொள். ஜவ்வின் நடுவில் நுங்கு போல ஒரு கூழ், சுற்றிலும் உறுதியான நார் வளையம். வளையம் கிழிந்தால் கூழ் வெளியே தள்ளுகிறது. அது நரம்பை அழுத்துகிறது, அந்த இடத்தில் அழற்சியும் கிளம்புகிறது. இடுப்பில் கோளாறு இருக்க, கால் கட்டைவிரல்வரை எரிவது இதனால்தான். ஆனால் வெளியே வந்த கூழை உடம்பு சும்மா விடுவதில்லை. இரத்தத்திலிருந்து வரும் அணுக்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று சுருக்குகின்றன. பெரிதாகப் பிதுங்கியவைதான் பல நேரம் நன்றாகச் சுருங்குகின்றன. இத்தனை வருடம் உயிரியல் பாடம் நடத்திய எனக்கே, இதை மருத்துவர் சொன்னபோதுதான் மூச்சு வந்தது.

இன்னொன்றும் சொன்னார். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. அதில் முப்பது வயதுக்காரர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு ஜவ்வு புடைத்திருந்ததாம். அவர்களெல்லாம் நடமாடிக்கொண்டு இருப்பவர்கள்தானே. அதனால் படத்தைப் பார்த்து உன் உடம்பை எடை போடாதே.

அறுவை சிகிச்சை வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நார்வேயில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 1983-ல் வந்தது. முதல் ஆண்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் நன்றாக இருந்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, செய்துகொண்டவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதாவது அறுவை சிகிச்சையால் வலி சீக்கிரம் குறையும், ஆனால் காத்திருப்பதால் பெரும்பாலும் எதையும் இழப்பதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் நிறையப் பேருக்குக் கால்வலி தணிந்துவிடுகிறது. அந்த அவகாசத்தை உன் உடம்புக்குக் கொடு.

ஆனால் இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள். சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தெரியாமல் போனாலோ, மலம் அடக்க முடியாவிட்டாலோ, தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய இடமும் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் கால் தொங்கினாலோ, எனக்குப் போன் செய்துகொண்டு நிற்காதே. இரவோ பகலோ, அந்த நிமிடமே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போ. இதில் தாமதம் செய்தால் போன உணர்வும் பலமும் திரும்பாமலே போகலாம்.

மற்றபடி, படுக்கையில் கிடக்காதே. வலி உயிரை எடுக்கும் ஓரிரு நாள் படுத்துக்கொள், பிறகு எழுந்து நட. அறைக்குள்ளேயே ஐந்து நிமிடம், மறுபடி கொஞ்ச நேரம் கழித்து ஐந்து நிமிடம். ஜவ்வுக்குள் இரத்தக் குழாய் கிடையாது. சுற்றிலுமிருந்து ஊறி வருவதுதான் அதற்கு உணவு. அசைவுதான் அதற்கு உதவும்.

எனக்குப் பிசியோதெரபிஸ்ட் முதலில் கொடுத்த பயிற்சி, குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி நெஞ்சை உயர்த்துவது. நியூசிலாந்துக்காரரான ராபின் மெக்கன்சி 1956-ல் ஒரு நோயாளியிடம் தற்செயலாகக் கண்டுகொண்ட வழி அது. அதைச் செய்யும்போது காலிலிருந்த வலி மேலே ஏறி இடுப்புக்கு வந்து நின்றால், இடுப்பு கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும், அது நல்ல அறிகுறி. மாறாக வலி பாதத்தை நோக்கி இறங்கினால் உடனே நிறுத்திவிடு. எல்லோருக்கும் அது ஒத்துக்கொள்வதில்லை. உனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று உன் பிசியோதெரபிஸ்ட் சோதித்துப் பார்த்துச் சொல்லட்டும். வலி அடங்கிய பிறகுதான் மண்டியிட்டுக் கைகளை ஊன்றி எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது எல்லாம். இடுப்பில் கட்டும் பெல்ட்டையே நம்பி இராதே. உன் வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும்தான் பெல்ட்.

காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனியவே குனியாதே. இரவெல்லாம் ஜவ்வு நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், அப்போது குனிந்தால் அழுத்தம் அதிகம். விடியற்காலையில் குனிந்து கோலம் போடும் வழக்கமுள்ள எனக்கு இதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. இப்போது விளக்கு வைக்கும் நேரத்தில் போடுகிறேன். அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள், பரவாயில்லை.

சித்தப்பா உனக்குப் போன் செய்வார். எண்ணெய் போட்டு மிதித்து எடுப்பவர் ஒருவரிடம் அழைத்துப் போகிறேன் என்பார். அன்பால்தான் சொல்கிறார், நீ மரியாதையாக மறுத்துவிடு. பிதுங்கிய ஜவ்வின் மேல் யாருடைய காலும் படக்கூடாது.

அலுவலகத்தில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில். புனே சாலைகளில் இப்போதைக்குப் பைக் வேண்டாம். பொங்கலுக்கு வருவதானால் ரயிலில் கீழ்ப் படுக்கை கிடைத்தால் மட்டும் வா.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது "பரவாயில்லைம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதே. வலி எதுவரை இறங்குகிறது, முழங்காலா, கெண்டைக்காலா, பாதமா என்று சொல். குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கிக்கொண்டு பத்து அடி நடக்க முடிகிறதா என்றும் பார்த்துச் சொல். குறித்து வைத்துக்கொள்ள ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா