பழைய பாய்ப்படகு: விளம்பரத்தில் இல்லாத விலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பாய்ப்படகு வாங்குவது பற்றித் தங்கள் வார இறுதி இதழில் வந்த கட்டுரையை விரும்பி வாசித்தேன். ஒரு பழைய காரின் விலைக்கு, படுக்கையும் அடுப்பும் உள்ள பாய்ப்படகு இங்கிலாந்தின் தென்கரையில் கிடைக்கும் என்று அதில் எழுதியிருந்தது உண்மையே. 1979இல் கட்டப்பட்ட 28 அடிப் படகொன்றை 4,500 பவுணுக்கு வாங்கி, ஒன்பது ஆண்டுகளாக வைத்திருப்பவன் நான். ஆனால் வாங்கிய பின் வரும் செலவைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாததால் இதை எழுதுகிறேன்.

ஆசையை நான் குறைசொல்ல மாட்டேன். இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயரை மாற்றியதும், எங்களூர் ஓட்டிகள் அதனை 1938இல் மசச்சுசெட்ஸின் குளொஸ்டர் துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவ்வூரில் பிறந்த எனக்குப் பாலோடு ஊட்டப்பட்ட கதை. அதுவும் கைமாறிய பாய்க்கப்பல்தான். ஆனால் அதை வாங்கியவர் தேர்ந்த கடலோடி. நானோ அலுவலகக் கணக்காளன். துறைவாயைத் தாண்டியதும் இயந்திரத்தை நிறுத்திவிட, பாய் காற்றைப் பிடித்துப் படகு ஒரு பக்கம் சரிய, சுக்கான் பிடியில் தண்ணீரின் துடிப்பு உள்ளங்கைக்கு வந்து சேரும் அந்தக் கணத்துக்காக எதையும் கொடுக்கலாம் என்று தோன்றும். விற்பவர்களுக்கும் இது தெரியும். நான் உண்மையில் மயங்கியது படகுக்கல்ல, அதன் அறையில் தொங்கிய பித்தளை விளக்குக்கு என்று என் மனைவி இன்றும் சொல்வதுண்டு, மறுப்பதற்கில்லை.

இப்படகுகள் ஏன் இவ்வளவு மலிவு என்று நான் அப்போது கேட்கவில்லை. 1970களில் ஃபைபர் கிளாஸில் பெருந்தொகையாக வார்க்கப்பட்ட உடல்கள் மரத்தைப்போல் உளுத்துப்போவதில்லை. உரிமையாளர் முதுமை அடைகிறார், பிள்ளைகளுக்குப் படகு வேண்டாம், உடல் மட்டும் அப்படியே மிதக்கிறது. ஆனால் அந்த உடலில் பொருத்தப்பட்ட மற்ற எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆயுள் உண்டு. பாய் வெயிலில் நைந்துபோகும். இயந்திரம் உப்புநீரில் அரிக்கப்படும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள், பார்வைக்கு எட்டாத முனைப் பூட்டுகளுக்குள் வெடிப்புவிடும். முந்தியவர் பத்து ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட வேலைகள் அத்தனையும் சாவியோடு சேர்ந்து நம் கைக்கு வருகின்றன. விலை குறைந்திருப்பதன் பொருள் பெரும்பாலும் இதுதான். கம்பிகளை எப்போது மாற்றினீர்கள் என்று விற்பவரிடம் கேட்டபோது, தான் வாங்கிய நாளிலிருந்து அவை ஒருமுறையும் அறுந்ததில்லை என்று அவர் பெருமையோடு சொன்னார். நானும் அதை நல்ல பதிலாகவே எடுத்துக்கொண்டேன்.

வாங்குமுன் படகைச் சோதித்துப் பார்க்கும் பரிசோதகருக்குக் கொடுக்கவேண்டிய 600 பவுணை மிச்சம் பிடித்தது என் பெரிய பிழை. பழைய படகென்றால் பரிசோதனை அறிக்கை இல்லாமல் காப்புறுதி தரமாட்டோம் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. காப்புறுதி இல்லாமல் படகுத்துறையில் இடம் இல்லை. ஆகவே வாங்கிய இரண்டாம் மாதமே படகைப் பாரந்தூக்கியால் கரையேற்றும் கூலியோடு அந்தத் தொகையையும் கட்டினேன். வந்தவர் கையில் இருந்தது ஒரு சிறிய பிளாஸ்டிக் சுத்தியல். உடலைத் தட்டிக்கொண்டே போனார்; ஓசை கணீரென்று வந்தது. மேல்தளத்தில் பாய்மரத்தின் அடிக்கு அருகே வந்ததும் அது மண்சட்டியைத் தட்டியதுபோல் மொத்தென்று மாறியது. இரு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே வைத்திருந்த பால்சா என்ற இலேசான மரம் ஆணித் துளைகளால் நீர் குடித்து ஊறிப்போயிருந்தது. பிறகு அவர் உள்ளே இறங்கி, படகின் அடியைத் துளைத்துச் செல்லும் நீர்க்குழாயொன்றின் அடைப்பான் பிடியைத் திருப்ப முயன்றார், அது அசையவில்லை. குழாய் கழன்றால் கடலை வெளியே நிறுத்துவது அந்த அடைப்பான் ஒன்றுதான்.

கம்பிகள், அடைப்பான்கள், பெரிய பாய், இயந்திரத்தின் பாதி, மேல்தளம் என்று முதல் இரண்டு ஆண்டுகளில் கொடுத்தது படகின் விலையைத் தாண்டிவிட்டது. இவை ஒருமுறைச் செலவுகள் என்றாவது ஆறுதல் கொள்ளலாம். படகுத்துறை வாடகை அப்படியல்ல. போர்ட்ஸ்மத்தை ஒட்டிய சொலன்ட் நீரிணைக் கரையில் நான் ஆண்டுக்கு மீட்டருக்கு 600 பவுணுக்கு மேல் கட்டுகிறேன். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நங்கூரத்தையும் சேர்த்தே நீளத்தை அளக்கிறார்கள். அதாவது ஒவ்வோர் ஆண்டும் படகின் விலைக்கு மேலான தொகையை, அது கட்டப்பட்டு நிற்பதற்காகவே செலுத்துகிறேன். அடிப்பாகத்தில் பாசியும் கொட்டலசும் பிடிக்காதிருக்கப் பூசும் வண்ணமும், அரிப்பைத் தான் ஏற்று மற்ற உலோகத்தைக் காக்கும் துத்தநாகக் கட்டிகளும் ஆண்டுதோறும் வேறு.

பணத்தைவிடப் பெரிய விலையும் உண்டு. 2014 மே மாதம் அன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த 'சீக்கி ரஃபிகி' என்ற பாய்ப்படகின், கவிழாமல் காக்கும் அடிப்பாரம் அத்லாந்திக் நடுவே கழன்றுபோக, அதிலிருந்த நால்வரும் உயிரிழந்தனர். அது பழம்படகுகூட அல்ல. முன்னர் தரை தட்டியதும் அதன்பின் செய்த திருத்தங்களும் அதன் கட்டமைப்பைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று பிரித்தானியக் கடல் விபத்து விசாரணைப் பிரிவு அறிவித்தது. படகு எப்போதாவது தரை தட்டியதா என்ற கேள்விக்கு விளம்பரத்தில் இடமில்லை, நேரில்தான் கேட்கவேண்டும்.

பத்திரங்களையும் கவனிக்கவேண்டும். பிரித்தானியாவின் சிறு கப்பல் பதிவேட்டில் பெயர் இருப்பது உரிமைக்குச் சான்றாகாது. பழைய விற்பனைப் பத்திரங்கள் தொடர்ச்சியாக இல்லாத படகைத் திரும்ப விற்பதும் கடினம்.

இலவசமாகத் தருகிறோம் என்று வரும் படகுகளைப் பற்றி எழுதத் தனிக் கடிதம் வேண்டும். ஃபைபர் கிளாஸை உருக்கி மறுபடி வார்க்க முடியாது. காசு கொடுத்துத்தான் உடைத்து அகற்றவேண்டும். பிரான்சில் 2019 முதல் புதிய படகு விற்பவர்களிடம் கட்டணம் பெற்று இந்த வேலையைச் செய்கிறார்கள். இங்கே அந்தச் செலவு கடைசி உரிமையாளரின் தலையில். இலவசப் படகை ஏற்பவர் பெரும்பாலும் அந்தக் கடைசி ஆளாகவே ஆகிவிடுகிறார்.

என் படகை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. அடுத்த ஆண்டு கம்பிகளுக்குப் பத்து வயது நெருங்குவதால் அதற்கும் இப்போதே சேர்த்துவருகிறேன். தங்கள் இதழ் இனி இப்பொருளில் எழுதும்போது, படகின் விலைக்குப் பக்கத்தில் அதன் கம்பிகளின் வயதையும் ஓராண்டுத் துறை வாடகையையும் சேர்த்து அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வல்வெட்டித்துறையில் பிறந்த வாசகர் ஒருவர்,
போர்ட்ஸ்மத், இங்கிலாந்து