கும்பிடுறவங்களுக்கு எவ்வளவு இடம் வேணும்?

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுறேன். நாங்க சுகம். அப்பாவுக்கு முட்டி வலி மழை வந்தா கூடுது, வெயில் அடிச்சா குறையுது. அதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல.

கொச்சியில அந்தக் காக்கநாட்டு வீட்டைச் சுத்தி நீ எடுத்து அனுப்பின வீடியோவை நானும் அப்பாவும் பக்கத்து வீட்டு அத்தையும் பாத்தோம். வீடு நல்லாத்தான் இருக்கு. வாடகையைச் சொன்னதும் அப்பா எழுந்து வெளிய போயிட்டார். "சாமியை எங்கம்மா வைக்கலாம், ட்ரில் போட ஆள் வரப்போறாங்க"ன்னு கேட்டிருந்த. போன்ல சொன்னா பாதிக்கு மேல "சரிம்மா சரிம்மா"ன்னு தள்ளிருவ. அதான் எழுதுறேன்.

முதல்ல நான் ஒண்ணு கேக்குறேன். வீடியோ முழுக்க உன் குரல்தான். போன்ல திசை பாத்துக்கிட்டே "இது ஈசான்யம், இது அக்னி மூலை"ன்னு நடந்து போற. மருமக குரல் எங்கயும் இல்ல. அவளுக்கும் சாமி இருக்குல்ல? கல்யாணத்துக்குக் கோட்டயம் ஜில்லாப் பாலா ஊர்ல இருந்து சம்பந்தியம்மா மடியிலயே வெச்சுக் கொண்டுவந்த இயேசுவோட திருஇருதயப் படம் எங்க? கட்டிலுக்குப் பக்கத்துல துணி சுத்தி சுவத்துல சாய்ச்சிருக்கே, அதுதான்னு அத்தை சொல்றாங்க. அதுக்கு இடம் முடிவு பண்ணாம நம்ம முருகனுக்கு மட்டும் சுவத்துல ஓட்டை போடாத.

சாமிக்குன்னு சொல்ற வடகிழக்கு ஈசான்ய மூலையில பில்டர் கக்கூஸைக் கட்டி வெச்சுட்டான். அதுக்கு நீயும் நானும் என்ன பண்ண முடியும்? விடு. நம்மள்ல சாமி கிழக்கு பாத்து இருக்கணும்பாங்க, இல்லாட்டி கும்பிடுறவங்க கிழக்கு பாத்து நிக்கணும்பாங்க. ரெண்டுல எது நடந்தாலும் சரிதான். அவங்க ஆளுகளும் கிழக்குக்காரங்கதான். சிரியன் கிறிஸ்தவங்க அந்தக் காலத்துல இருந்தே கிழக்கு பாத்து ஜெபம் சொல்றவங்க. ஆக, உங்க ரெண்டு பேருக்கும் வேண்டியது கிழக்குச் சுவர். உன் வீட்டுல அது ரெண்டு துண்டா இருக்கு. ஹால்ல வாசலுக்கு நேரா பெரிய துண்டு ஒண்ணு, அடுக்களைக்குப் போற இடைவழியில சின்னத் துண்டு ஒண்ணு. எது யாருக்குன்னுதான் இனி பாக்கணும்.

நீ பொறந்து வளர்ந்த இந்தத் தேயிலை எஸ்டேட் லயத்து வீடு ஞாபகம் இருக்கும். முன்னால ஒடுங்கின வராந்தா, நடுவுல ஒரு அறை, பின்னால அடுப்படி. வரிசையா எல்லா வீட்டுக்கும் ஒரே கூரை. அந்த ஒத்த அறையிலதான் சாப்பாடு, படுக்கை, உன் படிப்பு, தங்கச்சிக்குச் சடங்கு, தாத்தாவைக் கிடத்தினது, எல்லாம். அதுக்குள்ள சாமிக்கு இடம் பாத்தவ நான். தென்மேற்குக் கன்னிமூலையில வைக்கணும்னு உங்க ஆத்தா ஒத்தைக் கால்ல நின்னாங்க. அது வெளிச்சுவர். மூணாறு மழை உனக்குத் தெரியாததா? ஜூன்ல பிடிச்சா உள்பக்கமே சுவர் வேர்த்து ஊத்தும். பக்கத்து வீட்டுல அந்த மூலையிலதான் வெச்சாங்க. ரெண்டு மழைக்குள்ள கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவுல பூசணம் புகுந்து முருகன் முகம் போயிருச்சு. மயிலும் வேலும்தான் மிச்சம்.

நான் அடுப்படிக்கும் அறைக்கும் நடுச்சுவத்துல பலகை அடிச்சேன். அந்தப் பக்கம் விறகடுப்பு எரியுறதால சுவர் எப்பவும் வெதுவெதுன்னு இருக்கும். குங்குமம் கட்டி தட்டாது, தீப்பெட்டி நமத்துப் போகாது. ஆத்தா ஒரு வாரம் என்கிட்ட பேசல. மார்கழி வந்ததும் அதே சுவத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டு "நல்ல இடமாத்தான் பாத்திருக்க"ன்னாங்க. அந்தப் படத்துல சாயம் இன்னும் அப்படியே இருக்கு.

ஒத்த அறையில இன்னொரு சங்கடமும் உண்டு. நீ இப்ப கல்யாணம் ஆனவன், சொல்லலாம். வீட்டுக்குத் தூரம்னா எங்க போய் உக்காருறது? வராந்தாவுல படுத்தா குளிர்ல விறைச்சுப் போயிரும். பழைய சேலையில துண்டு கிழிச்சுப் பலகைக்குத் திரை தச்சுப் போட்டேன். ராத்திரி எல்லாரும் கால் நீட்டுறப்பவும் அதே திரைதான். லயத்துல பாதி வீட்டுல அப்படி ஒரு துணி தொங்கும். சாஸ்திரம் எழுதினவங்க வீட்டுல நாலு அறை இருந்திருக்கும் போல.

இத்தனை வருசத்துல நான் கண்டது ஒண்ணு. சின்ன வீட்டுல சாமி ஒரு சாண்ல அடங்கிரும். கும்பிடுறவங்க உடம்புக்கு என்ன வேணும்னு பாத்து இடம் ஒதுக்கணும்.

நம்ம கும்பிடு நின்னுக்கிட்டே. காலையில குளிச்ச ஈரத்தோட ஒரு ஆள் வந்து, நேத்துப் பூவை எடுத்துட்டு, விளக்கைத் தொடைச்சு, திரி போட்டு, எண்ணெய் ஊத்தி ஏத்தி, திருநீறு பூசிக்கிட்டு அடுப்படிக்குப் போயிரும். ரெண்டு பாதம் வைக்க இடம் போதும். ஆனா எண்ணெய் சிந்தும், சாம்பல் விழும், பூ வாடும், தண்ணி பக்கத்துல வேணும்.

அவங்க ஜெபம் வேற மாதிரி. நிச்சயத்துக்கு முன்னாடி பாலாவுல அவங்க வீட்டுல ஒரு ராத்திரி தங்கினோமே, நீ போனை நோண்டிக்கிட்டு இருந்த, நான் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்தி சாஞ்சதும் டிவியை அணைச்சாங்க. படத்துக்கு முன்னால பாயை விரிச்சுச் சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் முட்டி போட்டாங்க. ஜெபமாலையை அவங்க கொந்தம்பாங்க. அம்பத்து மூணு மணியையும் உருட்டி முடிக்கிற வரைக்கும் யாரும் எழுந்திரிக்கல, அந்தப் பாட்டி மட்டும் நாற்காலியில. முடிஞ்சதும் சின்னவங்க ஒவ்வொருத்தரா எழுந்து பெரியவங்க முன்னால கை கூப்பி "ஈசோ மிசிஹாய்க்கு ஸ்துதியாயிரிக்கட்டே"ன்னு, அதாவது இயேசு கிறிஸ்துவுக்குத் துதி உண்டாகட்டும்னு, சொல்லிட்டு வந்தாங்க. எங்ககிட்டயும் வந்து சொன்னாங்க. அப்பாவுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. "நல்லாருங்க, நல்லாருங்க"ன்னு சொல்லிக்கிட்டே திருநீற்றுப் பொட்டலத்தைத் தேடி சட்டைப் பையைத் தடவினார்.

அதுல சிந்துறது இல்ல, கரி இல்ல. ஒரு சின்னச் சிவப்பு பல்பு எரிஞ்சா போதும். ஆனா தரை வேணும். நாளைக்குப் பிள்ளை குட்டி வந்தா இன்னும் வேணும்.

அதனால ஹால் கிழக்குச் சுவர் அவ படத்துக்கு. வாசல் திறந்ததும் முதல்ல அது தெரியுற மாதிரிதான் அவங்க பக்கம் மாட்டுறது. அங்க நீ டிவிக்குப் பென்சில்ல கோடு போட்டு வெச்சிருக்கன்னு பாத்தேன். டிவியைத் தெக்குச் சுவத்துக்குத் தள்ளு. டீப்பாய் வாங்காத. வாங்கினா தினமும் சாயங்காலம் அதைத் தூக்கி ஓரமா வைக்கணும். நாலு நாள் வைப்பீங்க, அஞ்சாம் நாள் "நாளைக்குப் பாத்துக்கலாம்"னு ஆயிரும்.

நம்ம முருகன் இடைவழிக்கு. இது ஒண்ணும் விட்டுக்கொடுக்குறது இல்ல, அதுதான் விளக்குக்குத் தோதான இடம். ஹால்ல ஃபேன் சுத்தும். ஃபேனுக்குக் கீழ விளக்கு ஏத்திப் பாத்திருக்கியா? சுடர் ஒரு பக்கமா படுத்து, திரி ஒரு ஓரம் கருகி, எண்ணெய் தட்டு விளிம்புல வழியும். விளக்குக்காக ஃபேனை அணைச்சா வந்த விருந்தாளி விசிறிக்கிட்டு உக்காந்திருக்கணும். கொச்சிப் புழுக்கத்துல நடக்குற காரியமா? இடைவழியில ஃபேன் இல்ல. சிங்க் ரெண்டு எட்டுல இருக்கு. சாம்பிராணி போட்டா புகை அடுக்களை ஜன்னல் வழியா போயிரும்.

பலகை நெஞ்சு உயரத்துக்கு மேல போக வேண்டாம். உசரத்துல வெச்சா விளக்குல எண்ணெய் எவ்வளவு இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. சுடருக்கு மேல கையை நீட்டித்தான் பூ வைக்கணும், சேலைத் தலைப்போ துப்பட்டாவோ பிடிச்சுக்கும். ரொம்பத் தாழவும் வேண்டாம். தரையில மனை போட்டு விளக்கு வைக்கிற பழக்கத்தை அங்க கொண்டுபோகாத. உன் சிலிண்டர் அந்த இடைவழிக்குப் பக்கத்துலதான் இருக்கு. சிலிண்டர் கேஸ் காத்தை விடக் கனம். கசிஞ்சா தரையோட தரையாத்தான் பரவும், அங்க விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. காலையில முதல்ல அடுக்களை ஜன்னலைத் திற, மோந்து பாரு, அப்புறம் தீக்குச்சி. ஃபிரிட்ஜ் மேல வைக்கலாமேன்னு அத்தை சொன்னாங்க. கதவைச் சாத்துறப்பல்லாம் விளக்கு குலுங்கும், வேண்டாம்.

கோபுரம் வெச்ச பூஜை மண்டபம்னு ஒண்ணை ஆன்லைன்ல காட்டினியே, பாக்க அழகாத்தான் இருக்கு. அது மரத்தூளை அமுக்கிச் செஞ்ச பலகை, ஈரம் பட்டா உப்பிரும். மேல கூரை வேற இருக்கு, சுடர் நேரா அதுல படும். ஒரு ஒத்தைக் கிரானைட் துண்டு போதும், கல் அறுக்குற கடையில மிச்சம் மீதி கிடக்கும். சுவத்துல கரி பிடிச்சா வீட்டுக்காரர் அட்வான்ஸ்ல கழிப்பார், பின்னால ஒரு டைல்ஸ் ஒட்டிரு.

பெரியப்பா அங்க வந்தா கட்டாயம் சொல்லுவார். "ஹாலை மருமக சாமிக்குக் குடுத்துட்டு நம்ம சாமியை இடைவழியில நிறுத்திட்டியேடா"ன்னு. அம்மா சொன்னதுன்னு சொல்லு. மூணாறு டவுன்ல நின்னா முருகன் கோயில், பள்ளிவாசல், 1898-ல தொடங்கின மவுண்ட் கார்மல் கோயில், மூணும் ஆளுக்கொரு மேட்டுல தெரியும். எதுக்கு நல்ல மேடு கிடைச்சதுன்னு அவர் அங்க ஒரு நாளும் கேட்டதில்ல. நம்ம குலதெய்வம் எந்த வீட்டு ஹால்ல இருக்கு? தோட்டத்துக்கு ஆள் சேர்க்குற கங்காணி கூட்டிட்டு வந்தப்ப சங்கரன்கோவில் பக்கத்துல இருந்து உங்க பூட்டன் துணியில முடிஞ்சு கொண்டுவந்த பிடிமண், தேயிலைக்காட்டு ஓரத்துல ஒரு மரத்தடியில இருக்கு. மேல கூரை கூட இல்ல. நேர்ந்துக்கிட்டா நடக்குதுன்னு இந்தப் பெரியப்பாவேதான் கிடா வெட்டினார்.

எல்லாப் படத்தையும் உனக்கு அனுப்புவேன்னு நினைக்காத. அப்பா ரிட்டையர் ஆனதும் லயத்தைக் காலி பண்ணணும். எங்க போறதுன்னு இன்னும் பேசி முடியல. 2020 ஆகஸ்ட்ல பெட்டிமுடியில மலை சரிஞ்சு லயமெல்லாம் மண்ணுக்குள்ள போனதுல இருந்து, கனமழை ராத்திரியில ரேஷன் கார்டு, பாஸ்புக், முருகன் படம் மூணையும் ஒரே பையில போட்டுக் கதவுகிட்ட வைக்கிறது என் பழக்கம். ஒரு கையில தூக்க முடியுற அளவுக்கு மேல சாமி சேர்க்காத. காலண்டர்ல வர்ற படத்தையெல்லாம் ஃபிரேம் போட்டா அப்புறம் எடுக்கவும் மனசு வராது, துடைக்கவும் ஆள் இருக்காது. அங்க பழனி முருகன் படம் ஒண்ணு வாங்கிக்க. ஆத்தாவோட பித்தளை விளக்கை மட்டும் நான் தர்றேன், எர்ணாகுளம் போற யார்கிட்டயாவது குடுத்து விடுறேன். அதுக்குப் புளி போட்டுத்தான் தேய்க்கணும், பொடி போட்டா கீறும்.

எண்ணெய் பத்தி அவ கேட்டாளாம், அப்பா சொன்னார். இங்க நான் நல்லெண்ணெய் ஊத்துறது சாஸ்திரத்துக்காக இல்ல. 24 டிகிரிக்குக் கீழ போனா தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கிரும், மார்கழியில விளக்குக்குள்ள மெழுகாட்டம் நிக்கும். உங்களுக்கு அங்க அந்தத் தொல்லை இல்ல. அவங்க வீட்டுல ஆட்டி அனுப்புற தேங்காய் எண்ணெயையே ஊத்தச் சொல்லு.

ஆள் வந்து ட்ரில் போடுறதுக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணு. ஹால்ல அந்தச் சுவத்துக்கு முன்னால பாயை விரிச்சு அவளை முட்டி போடச் சொல்லு, நீயும் பக்கத்துல போடு. வாசக்கதவு முழுசாத் திறக்குதா, கால் சோபாவுல இடிக்குதான்னு பாரு. அப்புறம் படத்தோட உயரத்தை அவளே பென்சில்ல கோடு போடட்டும். இடைவழிப் பலகைக்கு மட்டும் நீ அளவெடு.

இப்படிக்கு,
அம்மா