செயலாளரின் ஆண்டறிக்கை: பழைய படங்களும் புதிய வண்ணங்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, ஆச்சிமார்களே, வெளியூர்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் நடந்தன. அடைமழையில் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. சங்க அறையின் ஓடு மாற்றப்பட்டு, ஒழுகல் நின்றது. இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்கு நம் அஞ்சலி. அவர்களில் இருவர் நமக்குத் தந்த படங்கள் இன்று இந்தக் கூடத்தில் மாட்டியிருக்கின்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

மிச்ச நேரத்தைப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் கொடுக்கும் பணியைப் பற்றிப் பேச எடுத்துக்கொள்கிறேன். ஆண்டு முழுக்க நம் சங்கம் அதிகம் உழைத்ததும், அதிகம் சண்டை போட்டுக்கொண்டதும் இதில்தான்.

வீட்டுக்கு வீடு முகப்பிலும், உள்முற்றத்தைச் சுற்றிய வளவிலும் தலைக்கு மேல் வரிசையாக மாட்டிய படங்கள் நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் இருக்கின்றன. பூட்டிக் கிடக்கும் வீடுகளில் அவை கறையானுக்கும் ஈரத்துக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்து வைப்போம் என்றுதான் தொடங்கினோம். இளைஞர்கள் சிலர், “இப்போது செல்போனிலேயே கலர் ஆக்கிவிடலாமே” என்று சில படங்களை மாற்றிக் காட்டினார்கள். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ரங்கூன் முகல் தெருவில் நம்மவர்கள் தொழில் நடத்திய கிட்டங்கி ஒன்றில் எடுத்த குழுப் படம் அதில் இருந்தது. கறுப்பு வெள்ளையில் அதில் இருந்தவர்கள் எல்லோரும் நமக்கு வெறும் முன்னோர்கள். வண்ணம் ஏறியதும், வரிசையின் ஓரத்தில் நின்ற பெட்டியடிப் பையன், அதாவது கடையின் கடைநிலை ஊழியன், பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளை என்பது அப்போதுதான் எங்கள் மனதில் பட்டது. அந்த வயதில் வீட்டை விட்டு, கப்பலேறிக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போயிருக்கிறான். மேலாள், அடுத்தாள் என்று கடைப் பொறுப்பில் இருந்த, பெயர் தெரிந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்த நாங்கள், அன்று அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தோம். வண்ணத்துக்கு அப்படி ஒரு சக்தி இருக்கிறது என்பதை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த படத்தில்தான் சிக்கல் வந்தது. நம் மூத்த உறுப்பினரான ஆச்சி ஒருவர் வீட்டுப் படம். நாற்காலியில் வயதான பெண் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்; பின்னால் பேரப்பிள்ளைகள் நிற்கிறார்கள். செயலி அவருக்கு இளஞ்சிவப்புச் சேலை கொடுத்திருந்தது. ஆச்சி பார்த்துவிட்டுச் சொன்னார்: “என்ன தம்பி, எங்க அப்பத்தாவுக்குப் போயி ரோஸ் சேலையக் கட்டி விட்டிருக்கீக? ஐயா போனபெறகு அவுக வெள்ளையத் தவிர வேற தொட்டதில்ல.” கணவனை இழந்த ஒரு பெண் அந்தக் காலத்தில் என்னென்ன விலக்குகளோடு வாழ்ந்தார் என்பதற்கு அந்த வெள்ளைச் சேலைதான் சாட்சி. ஒரு தட்டலில் அந்தச் சாட்சி அழிந்து, படம் பார்ப்பதற்கு மங்களகரமாகவும் ஆகிவிட்டது. பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இந்தப் படத்தை மட்டும் பார்த்து வளர்ந்தால், அப்பத்தா சுமங்கலியாகவே இருந்தார் என்றுதான் நம்புவார்கள்.

இது ஏன் நடக்கிறது என்று விசாரித்தோம். காரைக்குடியில் நெடுநாள் ஸ்டூடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவர் வந்து பேசினார். அந்தக் கூட்டத்துக்கு வராதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தொடக்க காலத்துப் புகைப்படத் தகடுகள் பெரும்பாலும் நீல ஒளியை மட்டுமே உணர்ந்தன. 1873இல் ஜெர்மானியரான ஹெர்மன் ஃபோகல் சாயம் சேர்த்துத் தகட்டைப் பச்சை ஒளியையும் உணர வைக்கும் வழியைக் கண்டார். சிவப்பையும் உணரும் தகடுகள் கடைக்கு வந்தது 1906 வாக்கில். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பழைய வகையே ஸ்டூடியோக்களில் புழங்கியது. சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் கழுவலாம் என்ற வசதி ஒரு காரணம். இந்தத் தகடுகளில் சிவப்பு கறுப்பாக விழும். வெளிர்நீலம் வெள்ளையாக விழும். நெற்றிக் குங்குமம் மைப்பொட்டு மாதிரி இருக்கும். அரக்குக் கண்டாங்கிச் சேலையும் கறுப்புக் கண்டாங்கிச் சேலையும் ஒன்றுபோல் இருக்கும். நம் மாநிறத் தோலில் சிவப்பின் பங்கு அதிகம் என்பதால் முகங்கள் நேரில் இருந்ததைவிடக் கறுத்துப் போயிருக்கும். ஆக, ஆச்சியின் அப்பத்தா படத்தில் வெள்ளை வெள்ளைதான் என்றாலும், இன்னொரு வீட்டுப் படத்தில் வெள்ளையாகத் தெரியும் சேலை வெளிர்நீலமாக இருந்திருக்கலாம். படத்தை வைத்து மட்டும் யாரையும் விதவை என்றோ சுமங்கலி என்றோ சொல்லிவிட முடியாது.

இப்போதைய மென்பொருள் செய்வது இதுதான்: படத்தின் வெளிச்சத்தையும் நிழலையும் அப்படியே வைத்துக்கொண்டு, மேலே எந்த நிறம் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறது. 2016இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில் 13 லட்சம் வண்ணப் படங்களைக் காட்டி இப்படிக் கணினியைப் பழக்கினார்கள். வானம், இலை, மரம் என்றால் ஊகம் பெரும்பாலும் பொருந்தும். சேலைக்கும் வேட்டிக்கரைக்கும் அந்த ஊகம் எங்கிருந்து வரும்?

சோதித்துப் பார்த்தோம். உறுப்பினர் ஒருவர் வீட்டு வளவை இன்றைக்கு வண்ணத்தில் படமெடுத்து, நிறத்தை நீக்கி, அதே செயலியில் போட்டோம். பர்மாத் தேக்குத் தூண்கள் ஏறக்குறைய சரியாக வந்தன. தூணுக்குக் கீழே தரை முழுக்கச் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பூப்போட்ட ஆத்தங்குடித் தளம். அது சாம்பலும் பழுப்புமாக வந்தது. மஞ்சள் மட்டும் அங்கங்கே தீற்றலாக எட்டிப் பார்த்தது. தளம் எங்கள் காலடியில் இருக்கிறது, செயலி சொன்னது கையில் இருக்கிறது. அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்த பிறகு, வண்ணமேற்றிய எந்தப் படத்தையும் முன்போல் அப்படியே நம்ப எங்களால் முடியவில்லை. பள்ளி மாணவர்களுக்கும் இதைச் செய்து காட்டினோம். நான் கண்டவரை அவர்களுக்கு வரலாற்றுப் பாடத்தில் இதைவிட நன்றாகப் பிடித்தது வேறொன்றும் இல்லை.

சரி, அப்படியானால் வண்ணமே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? செயற்குழுவில் இப்படி ஒரு தரப்பு இருந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. படத்தில் வண்ணம் தீட்டுவது நமக்குப் புதிதல்ல. சிறிய படத்தைப் புரோமைட் தாளில் பெரிதாக்கி, அதன்மேல் கையால் வண்ணம் பூசிய தாத்தா பாட்டி படங்கள் நம் வீடுகளிலேயே இருக்கின்றன. அந்த ஓவியர்கள் முகத்தை வெளுப்பாக்கினார்கள், கழுத்தில் இல்லாத நகையைக்கூடச் சில சமயம் வரைந்தார்கள். ஆனால் பக்கத்தில் போய்ப் பார்த்தால் தூரிகை தெரியும். இது தீட்டியது என்பது யாருக்கும் புரியும். இன்றைய வண்ணம் தன் கையைக் காட்டுவதில்லை. பயம் அங்கேதான்.

பழங்காலத்து உண்மையான வண்ணப் படங்களும் உலகில் உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். பிரான்சில் லூமியேர் சகோதரர்கள் உருளைக்கிழங்கு மாவுத் துகளில் சாயமேற்றிச் செய்த ஆட்டோகுரோம் தகடு 1907இல் விற்பனைக்கு வந்தது. ஆல்பெர்ட் கான் என்ற வங்கியாளர் 1909 முதல் 1931 வரை பல நாடுகளுக்கு ஆள் அனுப்பி, அப்படிப்பட்ட 72,000 தகடுகள் வரை சேர்த்தார். அந்த நிறங்கள் அன்றைய வெளிச்சம் தகட்டில் பதித்தவை. அவற்றையும், நேற்றுக் கணினி ஊகித்ததையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

ஊகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2021இல் நடந்தது ஒரு பாடம். கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியில் டுவோல் ஸ்லெங் சிறையில் அடைத்துக் கொன்றவர்களின் படங்களுக்கு வெளிநாட்டுக் கலைஞர் ஒருவர் வண்ணம் கொடுத்தார். அதோடு நிற்காமல் சில முகங்களில் புன்னகையையும் சேர்த்துவிட்டார். கம்போடியப் பண்பாட்டு அமைச்சகம் கண்டித்தது. வெளியிட்ட இதழ் படங்களை நீக்கியது. அதற்கு மூன்று ஆண்டு முன்னால், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்ட 14 வயதுப் போலந்துச் சிறுமி செஸ்வாவா க்வோகாவின் பதிவுப் படத்துக்குப் பிரேசிலைச் சேர்ந்த மரீனா அமரல் வண்ணம் கொடுத்தார். உதட்டில் இருந்த காயம் அப்படியே இருந்தது. முகத்தில் அவர் எதையும் கூட்டவில்லை. அந்தச் சிறுமியின் பெயர் உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் நம் விதிகளை எழுத உட்கார்ந்தோம்.

விதிகள் இவை. அசல் படத்தில் கை வைப்பதில்லை. வண்ணப் படம் எங்கே மாட்டினாலும் பக்கத்திலேயே கறுப்பு வெள்ளை அசல் அதே அளவில் இருக்க வேண்டும். எந்த நிறத்தை யார் சொன்னார்கள், எதை வைத்துச் சொன்னார்கள் என்று படத்தின் கீழ் எழுத வேண்டும். சான்று கிடைக்காத இடத்தைச் சாம்பலாகவே விட வேண்டும்.

இந்த விதிகளால் நமக்குக் கிடைத்த பெரிய நன்மை, வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டி வந்ததுதான். சேலை என்ன நிறம் என்று கேட்டால், அது எந்தக் கல்யாணத்துக்கு எடுத்தது, யார் கட்டிக் கிழித்தது என்று கதை பிறக்கிறது. ஒரு வீட்டில் பழைய சாமான் சிட்டையே, அதாவது சாமான்களை எழுதி வைத்த பட்டியலே, கிடைத்தது. அதில் சேலைகளைக் கரையோடும் நிறத்தோடும் எழுதி வைத்திருந்தார்கள். நம்மவர்கள் கணக்கெழுதிய பழக்கம் ஒரு படத்துக்கு வண்ணம் கொடுக்க உதவும் என்று யார் நினைத்தது! 1927 செப்டம்பரில் காந்தியடிகள் செட்டிநாட்டுக்கு வந்ததை ஒட்டிக் கதர் கட்டியவர்களின் படம் ஒன்றுக்கு, செயலி பளீரென்ற வெள்ளை கொடுத்திருந்தது. பெட்டியில் மிஞ்சியிருந்த அந்தக் காலத்துக் கதர்த் துண்டை எடுத்துக் காட்டினார்கள்: சலவைக்குப் போகாத கைநூலின் பழுப்பு, முடிச்சு முடிச்சாய். அந்தப் பழுப்பையே எடுத்துக்கொண்டோம்.

கடைசி விதி மட்டும் பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பியது. கல்யாணப் படம் ஒன்றில் வீட்டாரின் நிறங்களுக்கெல்லாம் சான்று கிடைத்தது. ஓரத்தில் கரண்டியோடு நிற்கும் சமையல்காரருக்கும், குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் பெண்ணுக்கும் சொல்ல ஆளில்லை. விதிப்படி செய்தால் முதலாளி வீட்டார் வண்ணத்தில் ஜொலிப்பார்கள், உழைத்தவர்கள் சாம்பலில் நிற்பார்கள். “இதை நாம் மாட்டப் போகிறோமா?” என்று நம் துணைச் செயலாளர் கேட்டபோது கூட்டத்தில் யாரும் பதில் பேசவில்லை. அதனால் விதியைத் திருத்தினோம்: படத்தில் இருக்கும் ஒருவருக்காவது சான்று கிடைக்கவில்லை என்றால், அந்தப் படம் முழுவதும் கறுப்பு வெள்ளையிலேயே இருக்கும். அதற்கப்புறம் பக்கத்துக் கிராமங்களுக்கும் படத்தின் பிரதியோடு போனோம். சமையல்காரரின் பேத்தி கிடைத்தார். அவர் வீட்டில் தாத்தாவுக்குப் படமே இல்லையாம். பிரதியை அவருக்குக் கொடுத்தோம். இடுப்புத் துண்டின் நிறத்தையும் அவர் சொன்னார். குழந்தையை வைத்திருக்கும் பெண் யார் என்று இன்னும் தேடுகிறோம். படம் கறுப்பு வெள்ளையில்தான் மாட்டியிருக்கிறது. வடக்குச் சுவரில் பாருங்கள்.

வரும் ஆண்டுக்கான வேலைகளை இனிச் சொல்கிறேன். வயதான ஆச்சிமார்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்வதற்கு முன்னுரிமை தர வேண்டும் என்று செயற்குழு முடிவெடுத்திருக்கிறது; ஸ்கேனர் வாங்குவது அதற்குப் பிறகுதான். பர்மாவிலிருந்து 1942இல் நடந்தே திரும்பியவர்களின் வீட்டுப் படங்களைத் தனியாகத் தொகுக்கிறோம். யாரிடமாவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள், நாங்களே வீட்டுக்கு வருகிறோம். தயவுசெய்து ஒன்று: பழைய படத்தைச் சட்டத்திலிருந்து நீங்களாகப் பிரிக்க வேண்டாம். ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும், இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். துடைக்கவும் வேண்டாம். பின்பக்க அட்டையில் எழுத்து ஏதாவது இருந்தால், அதைச் செல்போனில் படமெடுத்து அனுப்பினால் போதும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்