பாங்காக் விளம்பரத்தில் விடுபட்டவை

ஆசிரியருக்கு,

கோடை விடுமுறை நெருங்கியதும் 'ஐந்து நாள், நான்கு இரவு' பாங்காக் விளம்பரங்கள் நாளிதழ்களில் வரிசைகட்டிவிடுகின்றன. எதையெல்லாம் பார்க்கலாம் என்பது அவற்றில் இருக்கிறது. முதல் தடவை போகிறவரின் கைப்பணம் கரைவதோ வேறு இடங்களில்: விமான நிலைய வாசலில், டாக்சிக் கதவருகில், அரண்மனை மதிலோரத்தில். உங்கள் பயணப் பக்கத்தில் இந்த விவரங்களுக்கும் இடம் தர வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

முதல் பொறி ஊரிலிருந்து கிளம்பும் முன்பே காத்திருக்கிறது. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லோரும் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்பியாக வேண்டும். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும், கட்டணம் கிடையாது. தேடிப் பார்த்தால் அரசுத் தளம் போலவே தோற்றம் கொண்ட தனியார் தளங்கள் வரும், வங்கி அட்டை எண்ணைக் கேட்கும். பணம் கேட்டாலே அது அரசுத் தளம் அல்ல என்று மூடிவிடலாம். உண்மையான முகவரி 'ஜிஓ டாட் டிஎச்' என்று முடியும். கைக்குழந்தை உட்பட ஆளுக்கு ஒரு பதிவு. விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத் தளத்தை ஒரு முறை பார்த்துவிட வேண்டும். திரும்பும் டிக்கெட், விடுதி முன்பதிவு இரண்டையும் தாளில் அச்சிட்டு வைத்திருந்தால் குடியேற்ற மேசையில் போனைத் துழாவ வேண்டியதில்லை.

டிக்கெட்டில் எந்த விமான நிலையம் என்பதையும் பாருங்கள். பாங்காக்கில் இரண்டு உண்டு. கிழக்கே சுவர்ணபூமி, வடக்கே டான் முவாங். போகும்போது ஒன்றில் இறங்கி, திரும்பும்போது பழக்கதோஷத்தில் அங்கேயே போய் நின்று விமானத்தைத் தவறவிடுவது நடக்கக்கூடியதுதான். நாம் எழுத்துக் கூட்டி 'சுவர்ணபூமி' என்போம். டாக்சிக்காரர் காதில் 'சுவன்னபூம்' என்றால்தான் ஏறும்.

சுவர்ணபூமியிலிருந்து நகருக்குள் போக மலிவான வழி ரயில். அடித்தளத்தில் நிலையம், கடைசி நிறுத்தமான பயா தாய் வரை 45 பாட் (தாய்லாந்துப் பணம்), சுமார் அரை மணி நேரம். நள்ளிரவோடு ரயில் நின்றுவிடும். பணம் மாற்றுவதும் அந்த அடித்தளத்தில்தான். வருகைக் கூடத்தில் கண்ணில் படும் வங்கிக் கவுன்டர்களைவிட ரயில் நிலையத்தை ஒட்டிய சிறு கவுன்டர்களில் விகிதம் நன்றாக இருக்கும். டாலராகக் கொண்டுபோனால் கிழியாத, கிறுக்காத நூறு டாலர் நோட்டு. ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட்டோ அதற்கு மேலோ பிடித்துக்கொள்கிறார்கள். ஐநூறு ஐநூறாக எடுக்கிறவர் கிட்டத்தட்ட பாதியை வங்கிக்கே கொடுக்கிறார். 'இந்திய ரூபாயில் கணக்கிடலாமா' என்று திரை கேட்டால் வேண்டாம் என்பதை அழுத்துங்கள். அந்த மாற்று விகிதம் அந்த வங்கிக்கு லாபம், உங்களுக்கு நஷ்டம்.

மூட்டை முடிச்சோடு நாலு பேர் என்றால் டாக்சியே மேல். முதல் தளத்தில் (நம் கணக்கில் தரைத் தளம்) இயந்திரம் தரும் சீட்டில் வண்டி நிற்கும் இட எண் இருக்கும். அந்தச் சீட்டை டிரைவரிடம் கொடுத்துவிடாமல் நீங்களே வைத்திருங்கள். தகராறு என்றால் அதுதான் சாட்சி. மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். அதற்கு மேல் விமான நிலையக் கூடுதல் 50 பாட், விரைவுச் சாலைச் சுங்கம் தனி. இது முறையான வசூல்தான், ஏமாற்று அல்ல. நகருக்குள் ஓடும் டாக்சியில் முன்கண்ணாடிக்குள் சிவப்பு எழுத்து எரிந்தால் வண்டி காலி என்று அர்த்தம். சிவப்பைப் பார்த்து ஆள் இருக்கிறது என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. சுற்றுலா இடத்து வாசலிலேயே நிற்கும் டாக்சிகள் மீட்டர் போடச் சம்மதிப்பது அபூர்வம். இரண்டு தெரு தள்ளி நடந்து, ஓடிவரும் வண்டியைக் கைகாட்டி நிறுத்துங்கள்.

பெரிய அரண்மனைக்கு வருவோம். வெளிநாட்டவருக்கு நுழைவு 500 பாட், காலை 8.30 முதல் மாலை 3.30 வரை டிக்கெட். மதிலோரம் நடக்கும்போது நேர்த்தியாக உடுத்திய ஒருவர் கனிவாகப் பேச்சுக் கொடுப்பார். 'இன்று புத்த விழா, காலையில் மூடியிருக்கிறது, ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள். அதுவரை இருபது பாட்டில் இந்த டுக்டுக் நாலு கோயில் காட்டும்.' டுக்டுக் என்பது அங்கத்திய ஆட்டோ. பேரம் பேசாமலே அவ்வளவு மலிவு என்றால் பெட்ரோலுக்குப் பணம் வேறெங்கிருந்தோ வருகிறது. ஒரு கோயிலுக்குப் பிறகு ரத்தினக் கல் கடை, அடுத்து தையல் கடை. அழைத்து வந்ததற்கு டிரைவருக்குக் கமிஷன். அரச சடங்குகளுக்காக அரண்மனை மூடும் நாட்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதை அரண்மனையின் தளத்திலோ, நா பிர லான் சாலையில் உள்ள வாசலிலோதான் தெரிந்துகொள்ள வேண்டும், தெருவில் நிற்பவரிடம் அல்ல.

உடை விஷயத்தில் அங்கே கறார். தோள் தெரியக் கூடாது, அரைக்கால் சட்டை, கிழிந்த ஜீன்ஸ், ஒட்டிய லெக்கிங்ஸ் ஆகாது. சல்வார் கமீஸ் பொருத்தம். புடவைக்குக் கையில்லாத ரவிக்கை என்றால் சால்வை ஒன்று பையில் இருக்கட்டும். போக எளிய வழி மெட்ரோ ரயிலான எம்ஆர்டியின் நீலத் தடத்தில் உள்ள சனாம் சாய் நிலையம். வாட் போ கோயில் பக்கத்திலேயே. அரண்மனை வாசல் இன்னும் சற்று நடக்க வேண்டும். அங்கிருந்து தா தியன் படித்துறைக்கு வந்தால் அக்கரை வாட் அருண் கோயிலுக்குச் சில பாட்டில் ஓடம். சாத்தோர்ன் துறையிலிருந்து ஆற்றுவழியே வருகிறவர்கள் ஆரஞ்சுக் கொடிப் படகைக் கேளுங்கள். எங்கே இறங்கினாலும் சுமார் 16 பாட்தான். கவுன்டரில் முதலில் நீட்டப்படுவது பல மடங்கு விலையுள்ள சுற்றுலாப் படகின் டிக்கெட்டாக இருக்கலாம். ஆகாய ரயிலான பிடிஎஸ்ஸும் எம்ஆர்டியும் வேறு வேறு நிறுவனங்கள் நடத்துபவை. ஒன்றின் பயண அட்டையை மற்றொன்றின் கதவில் தேய்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

சைவ உணவுக்காரர்களுக்குத்தான் பாங்காக் உண்மையில் கஷ்டம். 'வெஜிடபிள் ஃபிரைட் ரைஸ்' என்று கேட்டால் காய்தான் போடுவார்கள், கூடவே மீன் சாறும் சிப்பிச் சாறும் விழும். அவர்களுக்கு அது உப்பு மாதிரி. இறைச்சிக் கணக்கில் வராது. பப்பாளி சாலட்டில் உலர்ந்த இறால் இருக்கும். கேட்க வேண்டிய சொல் 'ஜே'. மஞ்சள் துணியில் சிவப்பாக, பார்வைக்கு 17 என்று எழுதியது போல் தொங்கும் கொடிதான் அதன் அடையாளம். ஜே சமையலில் மீன், முட்டை, பால் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும் கூடக் கிடையாது. சைவம் என்று பொருள்படும் 'மங்சவிரட்' என்று கேட்டால் முட்டை வரலாம். நம்மூர் ருசியே வேண்டும் என்றால் சாம் யோட் நிலையத்தில் இறங்கி, இந்தியர் பகுதியான பாஹுரத்துக்கு நடக்கலாம்.

சீலோம் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. தாய்லாந்துக்காரர்களே கூட்டமாக வந்து சாமந்தி மாலை சாத்துவதைப் பார்க்கலாம். டாக்சியில் மாரியம்மன் கோயில் என்றால் புரியாமல் போகலாம். 'வாட் கேக்' என்று சொல்லுங்கள்.

இன்னொன்று: ஏப்ரல் 13 முதல் 15 வரை அங்கே சொங்க்ரான். சங்கராந்தி என்ற சொல்தான் அது. நம் சித்திரை முதல் நாளோடு ஒட்டி வரும் புத்தாண்டு. தெருவெங்கும் வாளியும் நீர்த்துப்பாக்கியுமாக நனைப்பார்கள், ஆளும் பையும் தப்பாது. அந்த நாட்களில் போகிறவர்கள் போனுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் நீர்புகா உறை வாங்கிக்கொள்ளுங்கள். விடுதி முகவரியைத் தாய் எழுத்தில் உள்ள அட்டையாக வரவேற்பு மேசையில் கேட்டு, அதையும் அந்த உறைக்குள் போடுங்கள். அட்டையின் பின்புறம் 1155 என்று எழுதிக்கொள்ளலாம். அது சுற்றுலாப் போலீசின் எண்.

– வாசகர், மதுரை